சும்மா உட்கார்ந்து பின்னிய தொப்பி

சென்ற மாதம் குரோஷா ஊசியால் ஒரு தொப்பி பின்னி முடித்தேன். ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த உல்லன் நூல், காதுகளை மூடும் இரண்டு மடல்கள், உச்சியில் ஒரு குஞ்சம். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கதைப்படி சிரிக்கத்தான் வேண்டும்.

கதை 'ஃபயர்ஃபிளை' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வருகிறது. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு விண்வெளியில் நடப்பதாகச் சொல்லப்படும் தொடர். 14 பகுதிகள் எடுத்தார்கள். 2002இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி 11 பகுதிகளோடு நிறுத்திக்கொண்டது. அப்போது ஒளிபரப்பாகாத மூன்றில் ஒன்றில்தான் இந்தத் தொப்பி வருகிறது. ஜெய்ன் என்ற முரட்டு அடியாளுக்கு ஊரிலிருந்து பார்சல் வருகிறது. உள்ளே ஒரு கடிதமும் அம்மா கையால் பின்னிய தொப்பியும். கூட இருப்பவர்கள் கிண்டல் செய்தாலும் அவன் அதைப் பெருமையாகத் தலையில் மாட்டிக்கொள்கிறான். அந்த அம்மாவைத் தொடரில் நாம் பார்ப்பதே இல்லை. அவருடைய உழைப்பை மட்டும்தான் பார்க்கிறோம்.

ரசிகர்கள் அந்தத் தொப்பியைத் தாங்களே பின்னினார்கள். சிலர் எட்ஸி தளத்தில் விற்கவும் செய்தார்கள். பிறகு ஃபாக்ஸிடம் உரிமம் பெற்ற தொப்பி கடைக்கு வந்தது. 2013இல், கையால் பின்னி விற்றவர்களுக்கு விற்பனையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் போனது. எதிர்ப்பு கிளம்பியதும், உரிமத் தொப்பியை விற்ற திங்க்கீக் கடை அதன் லாபத்தை ரசிகர்களின் நன்கொடைத் திட்டம் ஒன்றுக்குத் தருவதாக அறிவித்தது. சட்டம் யார் பக்கம் என்பது வேறு விஷயம். அந்தத் தொப்பிக்கு மதிப்பு வந்ததே ஒரு தாய் கையால் பின்னினார் என்பதால்தான். ஆனால் உரிமை என்று பேச்சு வந்தபோது, பின்னிய கைகளுக்கு அதில் பங்கு இல்லை.

இது அமெரிக்கக் கதை மட்டுமல்ல. எம்.ஏ. சமூகவியல் படித்தபோது மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட நரசாபூர் ஆய்வு எங்களுக்குப் பாடமாக இருந்தது. ஆந்திராவின் மேற்கு கோதாவரிப் பகுதியில் மிஷனரிகள் குரோஷா லேஸ் வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். முதலில் கற்றவர்களில் கிறித்தவத்துக்கு மாறிய தலித் பெண்கள் இருந்தார்கள். பின்னாளில் காப்பு சாதிப் பெண்கள் பெருமளவில் இந்த வேலைக்கு வந்தார்கள். லேஸ் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானது. ஆனால் பின்னியவர்களுக்குத் தொழிலாளி என்ற பெயர் கிடைக்கவில்லை. 'வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள்' என்றார்கள். அப்படி வீட்டுக்குள் உட்காருவதே சாதிக் கௌரவம். வயலில் இறங்கி அதைவிட அதிகக் கூலி வாங்கிய தலித் பெண்களுக்கோ அந்தக் கௌரவம் கிடையாது. ஒருத்தியின் உழைப்பைக் கௌரவம் என்று சொல்லி மறைத்தார்கள். இன்னொருத்தியின் உழைப்பை இழிவு என்று சொல்லி மட்டம் தட்டினார்கள். இரண்டிலும் லாபம் வியாபாரிக்கும் நில உடைமையாளருக்கும்தான்.

ஸ்வெட்டரை இயந்திரம் பின்னிவிடும். குரோஷா அப்படியல்ல. கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதற்குப் பின்னால் மனிதக் கைகள் இருக்கின்றன.

என் தொப்பியைப் பார்த்த தோழி ஒருத்தி, "முந்நூறு ரூபாய்க்கு எனக்கும் ஒண்ணு பின்னித் தர்றியா?" என்றாள். கணக்குப் போட்டுக் காட்டினேன். நூலுக்கு 140 ரூபாய். பின்ன 11 மணி நேரம். மிச்சம் 160 ரூபாயை நேரத்தால் வகுத்தால் மணிக்குப் பதினைந்து ரூபாய்கூட வரவில்லை. இதைக் கூலி என்று யாராவது சொல்ல முடியுமா?

இந்தக் கணக்கு எனக்கு வேலையிலும் உதவியது. நான் பணிபுரியும் பகுதியில் மகளிர் குழுக்களுக்குக் குரோஷா பயிற்சி கொடுக்க ஒரு திட்டம் தயாரானது. வரைவில் 'ஓய்வு நேர வருமானம்' என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லிக் கூட்டத்தில் வாதாடினேன். பொருளுக்கு இவ்வளவு என்று விலை வைக்காமல், எத்தனை மணி நேரம் என்று எழுதி, விவசாயக் கூலிக்குக் குறையாமல் கணக்கிட வேண்டும் என்றேன். "சந்தையில அந்த விலை போகாதே" என்றார்கள். போகாதென்றால் அதைத் திட்டத்திலேயே வெளிப்படையாக எழுதுவோம், பெண்கள் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும் என்றேன். இன்னும் பேச்சு முடியவில்லை.

சேரியில் இருக்கும் குழுவில் இதைச் சொன்னபோது, காலையில் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்திருந்த ஒரு அம்மா கேட்டார்: "ஓய்வு நேரம்னு எழுதியிருக்காங்களே, அது எனக்கு எப்பம்மா வருது?"

அடுத்த கூட்டத்துக்குத் தயாரிக்கும் குறிப்பில் முதல் வரியாக அந்தக் கேள்வியைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.