பரண் மேல மரியோ!

பீச் - தாம்பரம் ரயில்ல பரங்கிமலைக்கு அடுத்த ஸ்டேஷன் பழவந்தாங்கல். அங்கே கிழக்குப் பக்கமா இறங்கி நாலு எட்டு வெச்சா நங்கநல்லூர். 'நங்கநல்லூர் போறேன்'னு யார்கிட்ட சொன்னாலும், 'ஆஞ்சநேயர் கோயிலுக்கா?'ன்னுதான் கேப்பாங்க. 'இல்லீங்க, வீடியோ கேமுக்காகப் போறேன்'னு சொல்லிப் பாருங்க... உங்களை ஏற இறங்கப் பார்ப்பாங்க!

ஆனா, நம்புங்க பாஸ். பழைய கேம் மெஷின்களைப் பத்தியும், இனி வரப்போற கேம்களைப் பத்தியும் யோசிக்க இதைவிடப் பொருத்தமான ஏரியா சென்னையில கிடைக்கிறது கஷ்டம். காரணம், இந்த ஊர் வீடுகளோட பரண்!

ஒரு ரவுண்டு நடந்து பாருங்க. மெயின் ரோடு, கிராஸ் ஸ்ட்ரீட், வாசல்ல கோலம், தெருமுனையில பூக்கடை, தலைக்கு மேல மீனம்பாக்கத்துல இறங்குற விமானச் சத்தம். இது ஆலந்தூர் நகராட்சியில இருந்த ஊர். 2011-லதான் சென்னை மாநகராட்சிக்குள்ள வந்தது. 80கள்லயும் 90கள்லயும் கட்டின ரெண்டு மாடி, மூணு மாடி வீடுகள் இன்னும் இருக்கு. ஆனா எத்தனை நாளைக்கு? பச்சை வலை போட்டு மூடி, உள்ளே 'டம் டம்'னு இடிச்சுட்டிருக்கிற கட்டடம் அடிக்கடி கண்ணுல படும். பழைய வீடு போய், கீழே கார் பார்க்கிங், மேலே அடுக்கடுக்கா புது ஃபிளாட்.

இடிக்கிறதுக்கு முன்னாடி முதல்ல காலியாகுறது பரண்தான். கொலு பொம்மைப் பெட்டி பத்திரமா கீழே இறங்கும். பாட்டியோட வெண்கல உருளியும் இறங்கும். அதுக்குப் பின்னாடி, ஒயர் சுத்தின ஒரு அட்டைப்பெட்டி இருக்கும் பாருங்க... அதை யாரும் திறந்துகூடப் பார்க்கிறதில்லை. நேரா பழைய பேப்பர் கடைக்குப் போயிடும். அங்கே அது பிளாஸ்டிக் சாமான், கிலோ கணக்கு!

அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு 90கள்ல பிறந்தவங்களுக்குச் சொல்லவே வேணாம். மீடியா, சாமுராய், மைக்ரோ ஜீனியஸ், லிட்டில் மாஸ்டர்... ஒவ்வொரு வீட்டுல ஒவ்வொரு பேரு. நாம எல்லாத்தையும் சேர்த்து வெச்ச பேரு ஒண்ணுதான்: 'டிவி கேம்'. மேல ஒரு கார்ட்ரிட்ஜைச் சொருகணும், ரெண்டு பேர் உட்கார்ந்து ஆடணும், தோத்தவன் ரிமோட்டைக் கொடுக்காம அழணும்!

இதுல பெரும்பாலானவை ஒரே மெஷினோட நகல்கள். 1983 ஜூலை 15-ல ஜப்பான்ல நின்டெண்டோ விட்ட 'ஃபேமிகாம்'தான் அந்த ஒரிஜினல். அதோட மெமரி எவ்வளவு தெரியுமா? வெறும் 2 கிலோபைட்! 1985-ல வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' மொத்த கேமும் சேர்ந்து 40 கிலோபைட். இன்னிக்கு உங்க வாட்ஸ்அப்புக்கு வர்ற ஒரு 'குட்மார்னிங்' படம் அதைவிடப் பெரிசு! இடம் பத்தாததால எப்படியெல்லாம் சிக்கனம் பிடிச்சிருக்காங்கன்னு பாருங்க... மரியோவில வானத்துல மிதக்கிற மேகமும், தரையில இருக்கிற புதரும் ஒரே படம். கலரை மட்டும் மாத்தியிருப்பாங்க. ஆயிரம் தடவை ஆடியிருப்பீங்க, கவனிச்சிருக்கீங்களா?

'ஏன் நகலை வாங்கணும், ஒரிஜினலையே வாங்கியிருக்கலாமே?'ன்னு கேக்குறீங்களா? 1995-ல சேகா கம்பெனி, ஷா வாலஸோட கைகோத்து தன்னோட 'மெகா டிரைவ்' மெஷினை இந்தியாவுல இறக்குச்சு. 80 சதவீத இறக்குமதி வரியைச் சமாளிக்கத்தான் அந்தக் கூட்டணி. அப்படியும் விலை 18,000 ரூபாய்! அந்தக் காலத்துல பல வீடுகளுக்கு அது சில மாசச் சம்பளம். அதனாலதான் நகல் மெஷின்கள் நம்ம வீட்டுக்குள்ள வந்தன. நின்டெண்டோவுக்குப் பத்து பைசா போகலை, அது உண்மை. ஆனா ஒரு தலைமுறையே மரியோவையும் கான்ட்ராவையும் தெரிஞ்சுக்கிட்டது அந்த வழியிலதான், அதுவும் உண்மை.

அந்த மெஷினை ஓட்டுறதே ஒரு தனிக் கலை. டிவிக்குப் பின்னாடி கையை விட்டு ஆன்டெனா ஒயரைப் பிடுங்கணும். கேம் ஒயரைச் சொருகணும். புள்ளிப் புள்ளியா இரையிற திரையில படம் வர்ற வரைக்கும் டியூனிங்கைத் திருகணும். '99999 இன் 1'னு எழுதின கார்ட்ரிட்ஜைப் போட்டா, உள்ளே இருக்கிறது என்னவோ பத்து, இருபது கேம்தான். அதே கேம் வேற வேற பேர்ல திரும்பத் திரும்ப வரும்! மரியோவில எட்டாவது உலகம் வரைக்கும் போயிருப்பீங்க, அந்த நேரம் பார்த்து கரண்ட் கட் ஆகும். சேவ் பண்ற வசதியெல்லாம் கிடையாது. மறுபடியும் 1-1!

கான்ட்ராவில மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ... முப்பது உயிர்! இந்த மந்திரத்தை உருவாக்கினவர் கொனாமி கம்பெனியில வேலை பார்த்த கசுஹிஸா ஹஷிமோட்டோ. 1986-ல 'கிரேடியஸ்' கேமை ஃபேமிகாமுக்கு மாத்தும்போது, அதை டெஸ்ட் பண்றது ரொம்பக் கஷ்டமா இருந்ததால, தனக்காகவே போட்டுக்கிட்ட குறுக்குவழி அது. ஜப்பான்ல ஒருத்தர் தன் வேலையைச் சுலபமாக்கப் போட்ட குறியீடு, நங்கநல்லூர் வரைக்கும் வாய்மொழியா வந்து சேர்ந்திருக்கு. இன்டர்நெட் இல்லாத காலத்துல!

பெட்டிக்குள்ள ஒரு துப்பாக்கியும் இருக்குமே, வாத்து சுடுறதுக்கு? அதை உங்க புது எல்.இ.டி. டிவியில சுட்டுப் பாருங்க. ஒரு வாத்துகூட விழாது. துப்பாக்கி கெட்டுப்போச்சுன்னு நினைச்சுடாதீங்க. உண்மையில அந்தத் துப்பாக்கி எதையும் 'சுடுறது' இல்லை, 'பார்க்குது'! நீங்க விசையை அழுத்தின கணம் திரை முழுக்கக் கறுப்பாகும். அடுத்து வாத்து இருக்கிற இடத்துல மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கிக்குள்ள இருக்கிற ஒளி உணரும் கருவி அந்த வெளிச்சத்தைப் பிடிச்சா, வாத்து அவுட். பழைய பிக்சர் டியூப் டிவி அந்தக் கட்டத்தை அந்த நொடியிலேயே வரைஞ்சிடும். புது டிவி படத்தைச் சரிபண்ணிக் காட்டக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கும். அதுக்குள்ள துப்பாக்கி 'ஒண்ணும் தெரியலையே'ன்னு முடிவு கட்டிடும். ஆக, பழைய டிவியைத் தூக்கிப் போட்டா, அதோட சேர்ந்து ஒரு விளையாட்டும் செத்துப்போகுது.

சரி, நடையைக் கட்டுவோம். ஆஞ்சநேயர் கோயிலுக்கு வந்துட்டோம். 32 அடி உயரம், ஒரே கல்லுல நிக்கிறார். அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்கும். இங்கேயும் ஒரு கேம் கதை இருக்கு! 2009-ல பிஎஸ்2-வுக்கு 'ஹனுமான்: பாய் வாரியர்'னு ஒரு கேம் வந்தது. ஹைதராபாத்ல இருந்த அரோனா டெக்னாலஜீஸ் பண்ணினது. இந்தியாவிலேயே உருவான முதல் பிஎஸ்2 கேம்னு பேர் வாங்கினது. ஆனா, 'கடவுளை ஒரு பட்டனை அழுத்தி ஓட வைக்கிறதா?'ன்னு அமெரிக்காவுல இருந்து எதிர்ப்பு வந்தது. ஆடிப் பார்த்தவங்க 'கேமே சுமார்தான்'னு உதட்டைப் பிதுக்கினாங்க. எதுவா இருந்தா என்ன... அது நம்ம ஊரு கேம் வரலாற்றுல ஒரு மைல்கல். அதோட டிஸ்க்கும் இன்னிக்கு எத்தனையோ வீட்டுல, அதே பரண்ல தூங்கிட்டிருக்கலாம்.

கோயில்ல இருந்து அப்படியே சுதந்திர தினப் பூங்கா பக்கம் வாங்க. பெஞ்சுல நாலு பசங்க, நாலு கையில நாலு போன். பேச்சு எதைப் பத்தி இருக்கும்? 'ஜி.டி.ஏ. 6 எப்போ வரும்?' முந்தின பாகம் வந்தது 2013-ல. புதுசு 2025-னு முதல்ல சொன்னாங்க, அப்புறம் 2026 மேன்னாங்க, கடைசியா 2025 நவம்பர்ல '2026 நவம்பர் 19'னு தள்ளி வெச்சாங்க. காத்திருக்கிறது தப்பே இல்லை. ஆனா காத்திருக்கிற நேரத்துல ஒரு கேள்வி கேட்டுக்கலாம். அந்த கேமை வாங்கினா, முப்பது வருஷம் கழிச்சு அது உங்க பரண்ல இருக்குமா?

விளையாட்டுக்குக் கேக்கலை பாஸ். யூபிசாஃப்ட் 2014-ல 'தி க்ரூ'ன்னு ஒரு கார் ரேஸ் கேம் விட்டுச்சு. தனியா ஆடினாலும் இன்டர்நெட் வேணும். 2024 மார்ச் 31-ல சர்வரை மூடிட்டாங்க. அவ்வளவுதான்! காசு கொடுத்து டிஸ்க் வாங்கினவங்க கையில இப்போ இருக்கிறது டீ கிளாஸ் வைக்கத்தான் ஆகும். 2025 ஜூன் 5-ல வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-வுக்குச் சில கேம்கள் கார்டுல வருது. ஆனா சில கார்டுக்குள்ள கேமே இல்லை, டவுன்லோடு பண்றதுக்கான சாவி மட்டும்தான் இருக்கு. கலிஃபோர்னியாவுல 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம்: 'இது உங்களுக்குச் சொந்தமில்லை, ஆடுறதுக்கான அனுமதி மட்டும்தான்'னு டிஜிட்டல் கடைக்காரங்க தெளிவா சொல்லிடணும். வாடகை வீட்டுக்காரர் கதைதான். என்னிக்கு வேணும்னாலும் 'காலி பண்ணுங்க' வரலாம்!

2023-ல 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. அமெரிக்காவுல வெளியான பழைய கேம்கள்ல 87 சதவீதத்தை இன்னிக்குக் கடையில காசு கொடுத்து வாங்க வழியே இல்லையாம். அது அமெரிக்கக் கணக்கு. நம்ம ஊரு மீடியா, சாமுராய் கார்ட்ரிட்ஜ் எல்லாம் அந்தக் கணக்குலயே வராது. அதுங்களுக்கு இருக்கிற ஒரே மியூசியம், உங்க வீட்டுப் பரண்தான்.

அதுக்காக 'டவுன்லோடே மோசம்'னு கொடி பிடிக்க வேணாம். 2023 ஜூலையில 'வெண்பா'ன்னு ஒரு கேம் வந்ததே, ஆடினீங்களா? டொரன்டோவுல இருக்கிற விசை கேம்ஸ் பண்ணினது. 1988-ல கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தோட கதை. துப்பாக்கி இல்லை, ரேஸ் இல்லை... இட்லி ஊத்தணும், பிரியாணி பண்ணணும்! 2024-ல பாஃப்டா விருதுல சிறந்த அறிமுக கேம்னு ஜெயிச்சது. டவுன்லோடு மட்டும் இல்லைன்னா, இப்படி ஒரு சின்ன டீம் பண்ணின தமிழ் அம்மாவோட கதை உலகம் முழுக்கப் போயிருக்குமா? கஷ்டம்.

அதுல முக்கியமான விஷயமே வேற. அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிஞ்சு, எழுத்து அழிஞ்சுபோயிருக்கும். விட்டுப்போன வரியை நீங்கதான் கண்டுபிடிச்சுச் சமைக்கணும். யோசிச்சுப் பாருங்க... நம்ம ஊர்ல கேம் ஆடின வரலாறும் இப்போ அந்த நோட்டு மாதிரிதான் இருக்கு. ஒவ்வொரு பரண் காலியாகும்போதும் ஒரு பக்கம் கிழியுது.

என்ன பண்ணலாம்? பெரிசா ஒண்ணும் வேணாம். வீடு இடிக்கிறதுக்கு முன்னாடி ஏணியைப் போட்டு ஏறுங்க. அந்த அட்டைப்பெட்டியை இறக்குங்க. கார்ட்ரிட்ஜை எடுத்ததும் வாயால 'ஃபூ'ன்னு ஊதத் தோணும். ஊதாதீங்க! எச்சில் ஈரம் பட்டா உலோகம் அரிச்சுப்போகும், நின்டெண்டோவே வேணாம்னு சொன்ன பழக்கம் அது. இயர் பட்ஸ்ல ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, அந்தப் பித்தளைக் கலர் பல்லுகளை மெதுவா துடைங்க. காய்ஞ்ச பிறகு சொருகுங்க.

அடாப்டர் போயிருந்தா, கையில கிடைச்சதை மாட்டிடாதீங்க. எத்தனை வோல்ட், பின்னோட நடுப்பகுதி பாசிட்டிவா நெகட்டிவான்னு பார்த்து, அதே மாதிரி வாங்குங்க. மாத்திப் போட்டா மெஷின் காலி. வாங்குறதுக்கு ரிச்சி தெரு இருக்கவே இருக்கு. நங்கநல்லூர் ரோடு மெட்ரோவுல ஏறினா, மாறாம ஒரே ரயில்ல அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல இறங்கி நடந்துடலாம். புது டிவியில போடுறதுக்கான கன்வெர்ட்டரும் அங்கேயே கிடைக்கும். பழைய பிக்சர் டியூப் டிவி இருந்தா அதைக் கொடுத்துடாதீங்க, வாத்து சுட வேணும்! ஆனா அதை நீங்களே கழட்ட வேணாம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே ஆளைத் தூக்கிப் போடுற அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

கூடவே இன்னொரு வேலை. அந்த மெஷினை எந்தக் கடையில, எவ்வளவுக்கு வாங்கினாங்கன்னு அப்பாகிட்ட கேளுங்க. முதல் மரியோவை யார் முடிச்சதுன்னு அத்தை பையன்கிட்ட கேளுங்க. கேட்டதை ஒரு பேப்பர்ல எழுதி, பெட்டிக்குள்ளயே போட்டு வைங்க. வேற எங்கேயும் அது எழுதி வெச்சிருக்க மாட்டாங்க.

ஜி.டி.ஏ. 6-ம் வாங்குங்க, வெண்பாவும் ஆடுங்க. ஆனா இந்த ஞாயித்துக்கிழமை அந்தப் பழைய மெஷின்ல சுவிட்சைப் போட்டுப் பாருங்க. பாஸ்வேர்டு கேக்காது, அப்டேட் கேக்காது, சர்வர் மூடிட்டோம்னு சொல்லாது. மரியோ பாட்டுக்கு இடது ஓரத்துல, வலது பக்கம் பார்த்து நின்னுட்டிருப்பார். நீங்க ஓட வெச்சா ஓடுவார்!