பழைய ரஷ்யத் துப்பாக்கியும், அலமாரிச் சாவியும்: ஒரு மருத்துவரின் இழை

1.
ஏகே-47 துப்பாக்கியோட யோசனை எங்கே பிறந்தது தெரியுமா நண்பர்களே? ஆயுதத் தொழிற்சாலையில் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில்!

1941 அக்டோபர். பிரியான்ஸ்க் பக்கம் நடந்த சண்டையில் தோளில் காயம்பட்டுப் படுத்திருந்தார் மிகைல் கலாஷ்னிகோவ் என்ற 21 வயது டாங்கி வீரர். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் தங்கள் துப்பாக்கியைப் பற்றிப் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு, அவர் நோட்டில் படம் வரைய ஆரம்பித்தார்.

2.
டாக்டருக்குத் துப்பாக்கியைப் பற்றி என்னய்யா பேச்சு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கு. கடைசி வரை வாங்க.

3.
அமெரிக்காவில் துப்பாக்கி சேகரிப்பவர்களிடம் ரஷ்யத் துப்பாக்கிகளுக்கு ஒரு தனி மவுசு. அதில் மூத்தது மோசின் நகான்ட். ரஷ்ய கேப்டன் செர்கே மோசினின் வடிவமைப்பையும் பெல்ஜியத்து நகான்டின் வடிவமைப்பையும் கலந்து 1891-ல் ஏற்கப்பட்டது. ஐந்து தோட்டா. ஒவ்வொரு முறை சுட்டதும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். ஜார் மன்னர் காலம், புரட்சி, இரண்டு உலகப் போர் எல்லாவற்றையும் பார்த்த துப்பாக்கி.

4.
இதில் ஒரு வேடிக்கை. முதல் உலகப் போரில் ரஷ்யாவுக்குத் துப்பாக்கி பத்தாமல், அமெரிக்காவின் ரெமிங்டன், வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனிகளிடமே லட்சக்கணக்கில் ஆர்டர் கொடுத்தார்கள். 1917-ல் புரட்சி வந்துவிட்டது. மீதியை அமெரிக்க அரசே வாங்கிக்கொண்டது. 1918-ல் ரஷ்யாவின் ஆர்க்கேஞ்சலுக்கு அனுப்பப்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள், அமெரிக்காவில் செய்த ரஷ்யத் துப்பாக்கியோடுதான் போனார்கள்!

5.
சோவியத் யூனியன் உடைந்த பிறகு கிடங்குகளில் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. மரப்பெட்டி, உள்ளே கெட்டியான கிரீஸ் பூசிய துப்பாக்கிகள். 2000-களில் அமெரிக்கக் கடைகளில் நூறு டாலருக்கும் குறைவு. நல்ல ஷூ வாங்குற காசு!

6.
வாங்கியவர்கள் முதலில் பார்ப்பது முத்திரையை. நட்சத்திரம் இருந்தால் தூலா தொழிற்சாலை, முக்கோணத்துக்குள் அம்பு இருந்தால் இஷெவ்ஸ்க். 'எஸ்ஏ' என்று இருந்தால் பின்லாந்து ராணுவத்தில் இருந்தது, அதுக்கு மவுசு இன்னும் ஜாஸ்தி. பழைய தோட்டாவைச் சுட்டால் குழலில் உப்பு படிந்து துருப்பிடிக்கும் என்பதால் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அந்தக் கழுவலே ஒரு சடங்கு மாதிரி.

7.
இதை நான் கேலி செய்ய மாட்டேன். நம்ம ஊரில் பழைய புல்லட்டையும் தாத்தாவின் ஹெச்எம்டி வாட்ச்சையும் துடைத்துத் துடைத்து வைத்திருப்பவர்கள் இல்லையா? சல்லிசு விலை, சுலபத்தில் பழுதாகாத எளிய பொறியியல், கையில் பிடித்தால் ஒரு சரித்திரம். ஆசை எனக்கும் புரிகிறது.

8.
கிடைப்பது குறையக் குறைய ஆசை கூடும். 2014-ல் உக்ரைன் விவகாரத்தில் கலாஷ்னிகோவ் நிறுவனத்தின் மீது அமெரிக்கா தடை போட்டது. 2021-ல் நவால்னிக்கு விஷம் வைத்த விவகாரத்தில் ரஷ்யத் தோட்டாக்களின் புது இறக்குமதிக்கும் தடை.

9.
கலாஷ்னிகோவ் 2013-ல் இறந்தார். இறப்பதற்கு முன் ரஷ்யத் திருச்சபைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். என் துப்பாக்கி உயிர்களை எடுத்திருக்கிறதே, அந்தச் சாவுகளுக்கு நானும் பொறுப்பா என்று மனம் நொந்து கேட்டிருந்தார்.

10.
இப்போ என் விஷயத்துக்கு வருகிறேன்.

என்னோட எம்பிபிஎஸ் படித்த நண்பன் டெக்சாஸில் இருக்கிறான். போன வருஷம் ஒரு மோசின் நகான்ட் படத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினான். "1943 இஷெவ்ஸ்க் மச்சி, எப்படி இருக்கு?"

நல்லாத்தான் இருந்தது. நான் கேட்டது ஒரே கேள்வி. "பையனுக்கு 15 வயசாச்சுல்ல? இதை எங்கடா வெச்சிருக்க?"

"அலமாரிக்கு மேல. தோட்டா தனி டப்பாவுல இருக்கு மச்சி."

"பூட்டு?"

பதில் வரவில்லை. ராத்திரி போனே வந்தது. பையன் ரெண்டு மாசமாகச் சரியாகப் பேசுவதில்லை, ரூமை விட்டு வருவதில்லை, மார்க் குறைந்துவிட்டது என்றான். வயசுக் கோளாறு என்று நினைத்திருந்தானாம்.

11.
நான் சொன்னது இதுதான்.

அமெரிக்காவில் 2021-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை. பாதிக்கும் மேல்! செய்தியில் வருவது பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூடு. சத்தமில்லாமல் நடப்பது இது.

12.
தற்கொலை எண்ணம் பெரும்பாலும் ஒரு அலை. வரும், உச்சத்துக்குப் போகும், இறங்கும். அந்த உச்சத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் பல நேரம் முடிவைத் தீர்மானிக்கிறது.

கொங்குப் பகுதி டாக்டர்களைக் கேளுங்கள், சாணிப்பவுடர் கதையைச் சொல்வார்கள். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1995-ல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம், அடுத்த இருபது வருஷத்தில் சுமார் 70 சதவீதம் இறங்கியது. மனிதர்களின் துக்கம் குறையவில்லை. கைக்கெட்டும் விஷம் குறைந்தது. அவ்வளவுதான்.

பூச்சிமருந்து குடித்தவரை நாம் போராடியாவது காப்பாற்றப் பார்க்கலாம். துப்பாக்கி அந்த வாய்ப்பைப் பெரும்பாலும் தருவதில்லை.

13.
நண்பன் மறுநாளே துப்பாக்கியை ஊரில் இருக்கும் இன்னொரு நண்பரின் பெட்டகத்துக்கு மாற்றினான். பையனை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனான். மன அழுத்த நோய் என்று தெரிந்தது, சிகிச்சை போகிறது. இப்போ பையன் சாப்பாட்டு மேஜைக்கு வருகிறான்.

14.
வெளிநாட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் சொந்தங்களுக்கு:

✅ துப்பாக்கி பூட்டிய பெட்டகத்தில். தோட்டா வேறு இடத்தில், அதுவும் பூட்டி. சாவி உங்களிடம் மட்டும்.
✅ வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு என்றால், அது சரியாகும் வரை துப்பாக்கி அந்த வீட்டிலேயே வேண்டாம். எங்கே வைக்கலாம் என்பதை உங்கள் மாநிலச் சட்டத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.
✅ சுடப் போனால் காதுக்குக் கட்டாயப் பாதுகாப்பு. ரைபிள் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். ஒரே வெடியில் போன கேள்வி திரும்பாமலே போகலாம்.
✅ சுட்டு வந்ததும் கை கழுவி, உடை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். தோட்டாவில் ஈயம் இருக்கிறது.

15.
பிள்ளையிடம் "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் எண்ணம் வராது. இருக்கிற எண்ணம்தான் வெளியே வரும்.

உதவிக்கு: அமெரிக்காவில் 988. இந்தியாவில் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம்.

டெக்சாஸ், டொரண்டோ என்று யாராவது சொந்தக்காரர் இருந்தால் அவர்களுக்கு இதை அனுப்புங்கள்.