படம் பிடிக்கப் போன கல்யாணம்

கல்யாணத்துக்குப் போய் வந்தவர்களை விசாரித்தால், பெண் அணிந்திருந்த நகைகளைப் பற்றி ஒருவர் சொல்வார். பந்தியிலே உப்புக் குறைந்த கறியைப் பற்றி மற்றொருவர் சொல்வார். படம் பிடிக்கப் போனவனை மாத்திரம் எவரும் விசாரிப்பதில்லை. விசாரித்தாலும் அவன் வெளிச்சத்தைப் பற்றியே பேசுவான். எத்தனை யன்னல்கள், எந்தத் திசை, எத்தனை மணிக்கு வெயில் தூணைத் தாண்டும் என்பனவே அவனுக்குக் கல்யாணம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திருகோணமலையிலே இத்தொழிலைச் செய்துவந்த நானும் அதற்கு விலக்கல்ல. ஆயினும் 2012ஆம் ஆண்டில், உயிர்த்த ஞாயிறு கழிந்த பின்னர், பட்டினத்துப் பங்குக் கோயிலொன்றில் நடைபெற்ற ஒரு திருமணத்தைப் பற்றி வெளிச்சத்துக்கு அப்பாலும் சில சொல்ல இருக்கின்றன.

திருமணத்துக்கு முதல்நாள் மாலை கோயிலிலே ஒத்திகை நடப்பது வழக்கம். மாப்பிள்ளை எங்கே நிற்பது, பெண் யாருடைய கையைப் பற்றி எவ்வளவு மெதுவாக நடந்து வருவது, தோழியர் பூச்செண்டை எப்போது வாங்கிக் கொள்வது ஆகிய யாவற்றையும் சுவாமியார் ஒரு பள்ளி ஆசிரியரைப் போலச் சொல்லிக் கொடுப்பார். படம் பிடிப்பவனும் ஒத்திகைக்குப் போகவேண்டும். ஆனால் அங்கே காணும் வெளிச்சத்தை அவன் நம்பக்கூடாது. ஒத்திகை மாலையிலே, திருமணம் காலை பத்து மணிக்கு. மாலை வெயில் காட்டும் கோயில் வேறு, காலை வெயில் காட்டும் கோயில் வேறு. ஆகையால் அன்று காலை பத்து மணிக்கே தனியாக ஒரு தடவை போய், வெறுங்கோயிலிலே வாங்கு வாங்காக உட்கார்ந்து பார்த்து வந்திருந்தேன். தென்புறத்துப் பக்கவாசல் திறந்திருந்தால், பீடத்துக்கு முன் நிற்பவர்களின் முகத்திலே நல்ல வெளிச்சம் விழும் என்று கண்டுகொண்டேன். அந்தக் கதவைத் திறந்து வைக்கும்படி மூப்பரிடம் சொல்லியும் வைத்தேன்.

சுவாமியார் எனக்கும் சில விதிகளைச் சொன்னார். பீடத்துப் படிகளில் ஏறக்கூடாது. எழுந்தேற்ற வேளையிலே பிளாஷ் கூடாது. சம்மதம் கேட்கும்போது குறுக்கே நடமாடக்கூடாது. நியாயமான விதிகள். சினிமாப் படப்பிடிப்பிலே நடப்பதைப் போல இப்போது சிலர் பீடத்தின் மேலேயே ஏறி நின்று, குருவானவரைச் சற்று நகரச் சொல்வதையும் கண்டிருக்கிறேன். அது தொழிலாகாது.

கத்தோலிக்கத் திருமணத்திலே முக்கியமான கணம் எது என்று வாசகர்களைக் கேட்டால், தாலி கட்டுவது என்று பலர் கூறுவர். மோதிரம் மாற்றுவது என்று சிலர் கூறுவர். திருச்சபையின் போதனைப்படி அவை இரண்டுமல்ல. மணமக்கள் ஒருவர் வலக்கையை ஒருவர் பற்றிக்கொண்டு, வாயினாலே தம் சம்மதத்தைச் சொல்லுகிறார்களே, அதுதான் திருமணம். அந்தத் திருவருட்சாதனத்தை நிறைவேற்றுபவர்களும் மணமக்களே. குருவானவர் திருச்சபையின் பெயராலே அதற்குச் சாட்சி நிற்கிறார். குருவும் வேறு சாட்சிகள் இருவரும் முன்னிலையில் இருக்கவேண்டும் என்று 1563இல் திரெந்து நகரத்துப் பொதுச்சங்கம் விதித்தது. தாலியும் கூறையும் நம் நாட்டு வழக்கம் கோயிலுக்குள்ளே கொண்டுவந்து சேர்த்தவை. இதை எனக்குத் தொழில் பழக்கிய முதலாளி, சமயப் பாடமாக அல்ல, தொழிற்பாடமாகச் சொல்லித் தந்தார். "பிலிமிலே இரண்டே இரண்டு படம் மிஞ்சியிருந்தால், ஒன்றைச் சம்மதத்துக்கு வை, மற்றதைத் தாலிக்கு வை" என்பார். முப்பத்தாறு படங்களுக்குள் ஒரு கல்யாணத்தை அடக்கவேண்டியிருந்த காலம் அது.

அதற்கும் முந்திய காலத்து அல்பங்களைப் பார்த்தால், கோயிலுக்குள்ளே எடுத்த படங்கள் மிகச் சிலவே இருக்கும். இருக்கும் ஒன்றிரண்டிலும் எல்லாரும் முதுகு காட்டிக்கொண்டு நிற்பார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்னே பூசை இலத்தீன் மொழியிலே நடந்தது. குருவானவரும் பீடத்தை நோக்கியே நின்றார். 1962 முதல் 1965 வரை கூடிய அச்சங்கத்தின் பின்னர் அவர் மக்களை நோக்கித் திரும்பினார்; 1969இல் திருமணச் சடங்கு முறையும் புதுக்கப்பட்டது. முகங்கள் கிடைத்தன. அதுவரையிலும் கோயிலால் வெளிவந்ததும் மணமக்களைக் காரிலேற்றி நேரே ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோய், தூணும் திரைச்சீலையும் தீட்டிய படுதாவுக்கு முன்னால் நிறுத்தி எடுக்கும் படமே கல்யாணப் படம். சிரிக்கக்கூடாது, இமைக்கக்கூடாது. நம் பாட்டன்மார் எல்லாரும் கல்யாணத்தன்று கோபமாயிருந்தார்கள் என்று பேரப்பிள்ளைகள் எண்ணிக்கொள்வது இதனாலேதான்.

ஒத்திகை முடிந்து எல்லாரும் கலைந்துகொண்டிருந்தபோது பெண்ணின் தாயார் என்னருகே வந்தார். "அண்ணை, நாளைக்கு எங்கட அப்பா வெருகலிலிருந்து வாறாராம். வந்தாரெண்டால் என்னோட ஒரு படம் எடுத்துத் தாங்கோ. ஆனால் கூப்பிட்டு நிப்பாட்டி எடுக்க வேண்டாம். கூப்பிட்டால் போயிடுவார்."

அவருடைய கதையை நான் ஒருவாறு அறிவேன். வெருகல், மகாவலியின் கிளையாகிய வெருகல் ஆறு கடலோடு கலக்கும் ஊர். சித்திரவேலாயுத சுவாமி கோயிலினாற் பெயர் பெற்ற பதி. ஆவணித் திருவிழாக் காலத்திலே சுவாமி காவும் தோள்களில் ஒரு தோள் அந்தத் தகப்பனாருடையது. மகள் 1984இல் பட்டினத்துக் கத்தோலிக்கப் பையனொருவனை விரும்பி, வேதத்திலே சேர்ந்து, கோயிலிலே தாலி கட்டிக்கொண்டாள். தகப்பனார் அந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை. கேட்டவர்களுக்கு உறவினர் கூறிய காரணம், "பாதை ஓடவில்லை" என்பது.

கிழக்கிலங்கைக்குப் புதியவர்களுக்கு இது விளங்காது. பாதை என்று நாம் சொல்வது வீதியையன்று. ஆற்றிலே பஸ்ஸையும் மாட்டையும் மனிதரையும் ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவையை. வெருகலிலிருந்து திருகோணமலைக்கு வருபவர் கங்கை, இறால்குழி, உப்பாறு, கிண்ணியா எனத் துறை துறையாக இறங்கி ஏறி வரவேண்டியிருந்தது. வெள்ளம் என்றால் பாதை நிற்கும், பழுதென்றாலும் நிற்கும். ஆகவே பாதை ஓடவில்லை என்பது எவரும் மறுத்துக் கேட்க முடியாத காரணம். பேத்தி பிறந்தபோதும் பாதை ஓடவில்லை. பேத்தி முதல் நன்மை எடுத்தபோதும் ஓடவில்லை. பின்பு யுத்தம் முற்றி, உண்மையாகவே எதுவும் ஓடாமற் போயிற்று. 2006இல் அப்பகுதிச் சனங்கள் வாகரைப் பக்கமாக இடம்பெயர்ந்தபோது கிழவரும் ஒரு துணி மூட்டையோடு போனார். அடுத்த ஆண்டு திரும்பினார். 2009இலே கிண்ணியாவிற் பாலம் திறந்தார்கள். 2011இலே மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்துவிட்டன. சொல்லுவதற்குக் காரணம் ஒன்றும் மிச்சமில்லை.

அந்தத் தாயாரின் சொந்தக் கல்யாண அல்பத்தையும் நான் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்பதைவிடத் தொட்டேன் என்பது பொருந்தும். 2004 மார்கழி 26ஆந் திகதி கடல் பொங்கி வந்த பின்னர், பலர் நனைந்த அல்பங்களைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார்கள். படத்தாளின் மேற்பூச்சு ஒருவகைப் பசை. நீர்பட்டால் ஊறி இளகும்; அப்படியே காயவிட்டால் படத்தோடு படம் ஒட்டிக்கொள்ளும். உடனே சுத்தமான குளிர்ந்த நீரிலே போட்டுவைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவிட்டிருந்தால் பலவற்றைக் காப்பாற்றியிருக்கலாம். உயிரோடு பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அதற்கு ஏது நேரம்! அவர் கொண்டுவந்தபோது அந்த அல்பம் காய்ந்து செங்கல்லாகியிருந்தது. ஓரத்திலே ஒரு வெள்ளைச் சேலைத் தலைப்பு மாத்திரம் தெரிந்தது. அது கெடாது இருந்திருந்தாலும் அவருடைய தகப்பனார் அதில் இருந்திருக்கப் போவதில்லை.

மறுநாட் காலை நேரத்துக்கு மணிகள் ஒலித்தன. பெண் தகப்பனின் கைபற்றி நடந்து வந்தாள். வெள்ளைச் சேலையும் கறுப்புக் கோட்டும் அருகருகே நிற்பது படம் பிடிப்பவனுக்கு எப்போதும் சோதனை. எதை அளந்தாலும் கமரா அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். சேலையை அளந்தால் சேலை அழுக்காகும். கோட்டை அளந்தால் சேலையின் மடிப்பெல்லாம் வெளுத்து மறையும். முகத்தை அளந்துகொண்டு மற்றவற்றை அதன் பாட்டிலே விட்டுவிடுவதே என் வழக்கம். நான் வடபுறத்துத் தூணோடு தூணாகச் சாய்ந்து நின்றேன். எனக்கு நேரெதிரே, திறந்திருந்த தென்புறப் பக்கவாசல்.

சம்மதம் கேட்கும் வேளை நெருங்கியது. வாசலிலே வெளிச்சம் சற்று மங்கிற்று. ஒருவர் வந்து நின்றதனால் மங்கியது. கமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே பார்த்தேன். எண்பது வயதிருக்கும். நெற்றி நிறையத் திருநீறு. செருப்பை வெளியிலே கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார். வாசற்படியைத் தாண்டவில்லை. உள்ளே பீடத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு தோளிலே கிடந்த சால்வையை எடுத்து இடுப்பிலே கட்டிக்கொண்டார். சந்நிதியிலே நிற்பவர் செய்வதுபோல.

மணமக்கள் கை பற்றினார்கள். அவர்களுடைய சம்மதத்தை எடுத்தேன்; அது என் கடமை. மோதிரங்களை எடுத்தேன். தாலியை மந்திரித்துக் கொடுத்தார்கள். அதில் புறா வடிவம் பொறித்திருந்தது. மாப்பிள்ளை முடிச்சிடக் குனிந்தபோது கமராவைச் சற்றே வலப்புறம் திருப்பினேன். முன்வாங்கிலே தாயார், பீடத்தையே பார்த்தபடி. அவருக்குப் பின்னால், வாசல் நிலைக்கு நடுவே, கிழவர். கைகளிலே அறுகரிசி இல்லை. கோயிலிலே எவரும் கொடுக்கவில்லை. வெறுங்கைகள் இரண்டையும் தலைக்கு மேலே உயர்த்திப் பேத்தியை ஆசீர்வதித்தார். பிளாஷ் போட்டிருந்தால் எல்லாத் தலைகளும் திரும்பியிருக்கும், அவரும் போயிருப்பார். முப்பதில் ஒரு செக்கன். மூச்சை அடக்கித் தூணிலே கமராவை ஊன்றி ஒரேயொரு படம் எடுத்தேன்.

பதிவேட்டிலே கையொப்பம் இடுவது, வாசலிலே பூத்தூவுவது ஆகியவற்றை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. விருந்து மண்டபத்திலும் எல்லா இடத்தும் நடப்பதுதான் நடந்தது. கூட்டப்படத்துக்கு ஆட்களை வரிசைப்படுத்த ஒரு பெரியம்மா தாமாகவே பொறுப்பேற்றுக்கொண்டார். இத்தகைய ஒருவர் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார். படம் பிடிப்பவன் அவரை எதிர்க்காதிருப்பது நலம். பைலாவுக்கு வாத்தியகாரர் ஆயத்தமாயினர்.

கிழவர் மண்டபத்துக்குள்ளே வராமல் வேப்பமர நிழலிலே ஒரு கதிரையில் இருந்தார். காலடியிலே துணியால் வாய்கட்டிய நான்கு சட்டிகள், எருமைத் தயிர். மகள் வந்தார். காலைத் தொட்டு வணங்குவார், அழுவார் என்றெல்லாம் எண்ணிக் கமராவை ஆயத்தமாக வைத்திருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

"பஸ் நேரத்துக்கு வந்ததோ அப்பா?"

"ஓம். பாலத்தாலே கெதியா வந்திட்டம்."

மகள் குனிந்து ஒரு சட்டியின் துணியை அவிழ்த்து, விரலாலே தொட்டு நாவில் வைத்தார். "புளிக்கேல்லை" என்றார். கிழவர் தலையை ஆட்டினார். அப்போது எடுத்ததுதான் அவர் கேட்ட படம். பிறகு பேத்தியும் மாப்பிள்ளையும் வந்தார்கள். கேக்கு வெட்டுமுன் கடைசி பஸ் போய்விடும் என்று கிழவர் எழுந்துவிட்டார். போகும்போது என்னைப் பார்த்து, "தம்பி, கோயிலுக்குள்ளே என்னையும் பிடிச்சனீரோ?" என்றார். ஆம் என்றேன். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

படங்கள் ஆயத்தமானதும் தாயார் கடைக்கு வந்தார். நானூறுக்கு மேற்பட்ட படங்களையும் மளமளவென்று தள்ளிக்கொண்டு வந்தவர், வாசற் படத்திலே நின்றுவிட்டார். "இது எப்ப?" என்றார். தாலி ஏறிய வேளை என்றேன். முன்னால் சற்றே மங்கலாக அவருடைய தோள்; பின்னால் தெளிவாக உயர்ந்த இரு கைகள். அவர் தகப்பனார் வந்தது விருந்துக்குத்தான் என்று அதுவரை எண்ணியிருந்தாராம்.

அந்தப் படத்தை மகளின் அல்பத்திலே சேர்க்கவில்லை. மூன்று பிரதி கேட்டார். ஒன்று தமக்கு, ஒன்று கனடாவிலிருக்கும் தம்பிக்கு, ஒன்று வெருகலுக்கு. ஒரே வீட்டிலே எல்லாவற்றையும் வைக்கக்கூடாது என்பதை இவ்வூரிலே எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெருகற் பிரதியை அட்டை வைத்துக் கட்டி, வாகரை போகும் பஸ்ஸிலே கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். எட்டாம் நாள் அதே கொண்டக்டர் ஒரு தயிர்ச் சட்டியைக் கொண்டுவந்து கடை மேசையில் வைத்தார். கடிதம் ஒன்றும் இல்லை. வெறுஞ்சட்டியை மறக்காமல் திருப்பி அனுப்பவேண்டுமாம். அதை மாத்திரம் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.