கழற்றிய கதிரை

ஹரோவில் எங்கட வீட்டுப் படியிலிருந்து அந்தக் கதிரையைக் கழற்ற இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை. தண்டவாளம் சுவரில் பூட்டியிருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இல்லை, படிகளில்தான். கம்பளத்தில் வரிசையாக ஓட்டைகள். நேர்ப் படி என்றால் தண்டவாளத்தை இன்னொரு வீட்டுக்குப் பூட்டலாம். எங்களது வளைவுப் படி. அதற்கென்றே அளவெடுத்துச் செய்தது, வேறெங்கும் சரிவராது.

அம்மம்மாவுக்கு முதலில் அது வெட்கம். "நான் என்ன சாமியே, சப்பறத்தில ஏத்திறியள்?" என்றா. பிறகு பழகிவிட்டா. மடியில் தேவாரப் புத்தகத்தோடு மெல்ல மேலே போவா. வேலைக்குப் பிந்திய ஒருநாள் கீழே நின்று, "கெதியாப் போங்கோ அம்மம்மா!" என்று கத்திவிட்டேன். அவ திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நான் வெளிக்கிடும் நேரத்தில் அவ கதிரையில் ஏறியதே இல்லை.

கழற்ற வந்தவர்தான் சொன்னார்: செக்கனுக்கு 15 சென்ரிமீற்றருக்கு மேல் அது ஓடக்கூடாது, அதுதான் விதி. பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் அவ்வளவுதான்.

அம்மா கம்பளத்தை மாத்துவம் என்றா. கொஞ்ச நாள் கிடக்கட்டும் என்றேன்.