பி.பி. நம்பர்

ஆமத்தூர். காலை ஏழு மணி. விருதுநகர்–சிவகாசி சாலையோரம் ஒரு டீக்கடை. சுவரில் மஞ்சள் பெயின்ட் பாதி உரிந்திருக்கிறது. எஸ்.டி.டி. நிற்கிறது. ஐ.எஸ்.டி. போய்விட்டது. பி.சி.ஓ.வில் கடைசி எழுத்து மட்டும் மிச்சம்.

கண்ணாடிக் கூண்டு அப்படியே இருக்கிறது. ஒரு ஆள் நின்று பேசும் இடம். இப்போது அதற்குள் வாழைத்தார் தொங்குகிறது. போன் இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள். சுற்றிலும் பென்சில் எழுத்து. 044, 022 என்று தொடங்கும் எண்கள். சிலவற்றின் பக்கத்தில் பி.பி. தன் வீட்டில் போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுத்த காலத்து எழுத்து அது. நடுவில் ஒன்று, அழுத்தி அழுத்தி எழுதியது. 04562 என்று தொடங்குகிறது. அதன் கீழே: பட்டாசு ஆபீஸ், பி.பி.

பொங்கலுக்குப் பொங்கல் கடைக்கு வெள்ளையடிக்கிறார்கள். கூண்டுக்குள் மட்டும் மட்டை போவதில்லை.

பெஞ்சில் இரண்டு பெரியவர்கள்.

"தந்தின்னா, பிரிக்கிறதுக்கு முன்னாடியே அழ ஆரம்பிச்சிருவாக."

"நல்ல சேதிக்கும் வரும்ல, அண்ணாச்சி."

வரும். வாழ்த்துத் தந்திக்கு எண் சொன்னால் போதும். 1 என்றால் தீபாவளி வாழ்த்து. ஊருக்கெல்லாம் தீபாவளி அனுப்பும் மண்ணுக்குப் பொருத்தமான எண். 2013 ஜூலை 14-ஆம் தேதியோடு தந்தி முடிந்தது. பெரியவர் டீயை ஆற்றுகிறார்.

வேன் வருகிறது. தூக்குவாளிகளோடு பெண்கள் ஏறுகிறார்கள். எல்லோர் காதிலும் செல்போன். எல்லோரும் அவசரமாகப் பேசுகிறார்கள்.

பட்டாசு ஆலை வாசல். செல்போன் உள்ளே போகக் கூடாது. தீப்பெட்டியும் போகக் கூடாது. வாசலறையில் ஒரு மரப்பெட்டி, சிறு சிறு தடுப்புகளோடு. ஒவ்வொரு போனும் ஒரு தடுப்புக்குள் போகிறது. அணைத்து வைக்கச் சொல்லிப் பலகை இருக்கிறது. யாரும் அணைப்பதில்லை.

பெண்கள் செருப்பைக் கழற்றுகிறார்கள். உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்க, செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு அறைக்குள் போகிறார்கள். அறைகள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. நடுவில் வேப்பமரங்கள், மணல் வாளிகள், தண்ணீர்த் தொட்டி.

வாசலறை மேஜையில் ஒரு லேண்ட்லைன். வெள்ளையாக இருந்து பழுப்பானது. சுருள் வயர் முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. ரிசீவரின் நடுவில் வெள்ளி மினுக்கம். அலுமினியப் பவுடர் படிந்த விரல்கள் பிடித்துப் பிடித்து வந்த மினுக்கம். துடைத்தாலும் போகாது.

பதினோரு மணி. போன் அடிக்கிறது. வாட்ச்மேன் எடுக்கிறார். அறுபது தாண்டியவர். கேட்கிறார். ரிசீவரை மேஜைமேல் படுக்க வைக்கிறார். நடக்கிறார்.

அவர் ஓடுவதில்லை. இங்கே ஒருவர் ஓடினால் எல்லா அறையும் வெளியே ஓடி வரும்.

கடைசிக்கு முந்தின அறை. உள்ளே நான்கு பேர். ஐந்தாவது ஆள் நுழையக் கூடாது. வாசலுக்கு வெளியே நின்று சொல்கிறார்.

"காய்ச்சல் விட்டுருச்சாம். கஞ்சி குடிச்சாளாம்."

ஒரு பெண் நிமிர்கிறாள். முழங்கை வரை வெள்ளி. கன்னத்தில் ஒரு கோடு.

"மாத்திரை மாடத்துல இருக்கு, தாத்தா."

வாட்ச்மேன் திரும்பி நடக்கிறார். உதடு அசைகிறது. வழியில் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். மேஜையில் ரிசீவர் காத்துக் கிடக்கிறது. அதற்குள் ஒரு கிழவியின் இருமல்.

"மாத்திரை மாடத்துல."

வைக்கிறார். உட்காருகிறார். சுவரில் சிவகாசியில் அச்சடித்த காலண்டர். தீபாவளி சிவப்பில் இருக்கிறது.

மதியம் இரண்டு மணி. தூரத்தில் ஒரு சத்தம். ஒன்றே ஒன்று. ஜன்னல் கம்பி அதிர்ந்து நிற்கிறது. வேப்பமரத்துக் காக்கைகள் எழும்புகின்றன.

வாட்ச்மேன் வெளியே வந்து வானத்தைப் பார்க்கிறார். கிழக்கு. தெற்கு. மேற்கு. அறை வாசல்களில் பெண்கள் வந்து நிற்கிறார்கள். அவர்களும் வானத்தைத்தான் பார்க்கிறார்கள்.

மரப்பெட்டிக்குள் ஒரு போன் நடுங்குகிறது. அடுத்தது. அதற்கடுத்தது. ஒரு நிமிடத்தில் பெட்டியே நடுங்குகிறது. திரைகளில் வெளிச்சம். வீடு. அம்மா. பாப்பா. மாமா. வீடு. சில போன்களில் சாமி பாட்டு. ஒரே நேரத்தில் நாலைந்து சாமிகள்.

அவர் பெட்டியைத் தொடுவதில்லை. லேண்ட்லைன் அடிக்கிறது. எடுக்கிறார். யார் என்று கேட்கவில்லை.

"இங்கன இல்ல, தாயி. எல்லாரும் இருக்காக."

வைத்த கை எடுப்பதற்குள் மறுபடி அடிக்கிறது.

"இங்கன இல்ல, தாயி."

மறுபடி.