அரை டேங்க் தண்ணீர்

செங்கல்லும் சிமெண்டும் ஏற்றிவைத்த இடத்திலேயே கிடக்கும். தண்ணீர் கிடக்காது. தேனாம்பேட்டை அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஒரு தனியார் லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோது நான் முதலில் உணர்ந்தது இதைத்தான். கியர் மாற்றக் கிளட்ச்சை மிதித்ததும் இன்ஜினின் இழுவை அறுபட்டு வண்டி தளர்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் உடனே தளர்வதில்லை. வந்த வேகத்திலேயே முன்னே போய் டேங்கின் முன்சுவரில் மோதுகிறது. அடுத்த கியர் விழுந்து வண்டி இழுக்கத் தொடங்கினால் பின்னால் ஓடுகிறது. டேங்குக்குள் குறுக்கே தடுப்புத் தகடுகள் உண்டு. அவை அலையை உடைக்கும், நிறுத்திவிடாது.

இந்த அலையோடு ஒத்துப்போகும்படி கியர் போடுவதைத்தான் ஓட்டுநர் தன் கிளீனருக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் ஐம்பதைத் தாண்டியவர். சங்ககிரிப் பக்கம் கிளீனராக ஏறி, பழைய லேலண்டு வண்டியில் தொழில் பழகியவர். பையனுக்குச் செய்யாறு பக்கத்துக் கிராமம். கார் லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும், இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது கனரக வாகனத்துக்குச் சட்டம் கேட்பது. இரண்டும் முடிந்து பழகுநர் உரிமம் (எல்.எல்.ஆர்.) வாங்கி, வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' ஒட்டியிருந்தான்.

முதல் பாடம் இன்ஜினை அணைத்துவிட்டுத்தான். நகருக்கு வெளியே தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்கும் நேரத்தில் பையன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்து, கியர் ராடை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, அடுத்த கியருக்குத் தள்ளுகிறான். திரும்பத் திரும்ப அதே வேலை. ராடைப் பார்க்கக் கூடாது. "ராடை இறுக்கிப் புடிக்காத. உள்ளங்கைய வெச்சுத் தள்ளு. அது போற எடத்துக்கு அதுவே போவும்" என்கிறார் ஓட்டுநர். தோளில் பலம் இருக்கிறவன் கியர் பாக்ஸை உடைத்துவிடுவான் என்பது அவர் தீர்மானம்.

அடுத்தது டபுள் கிளட்ச். கியர் பாக்ஸுக்குள் ஒரு பகுதி இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிறது, இன்னொரு பகுதி பின்சக்கரங்களோடு சேர்ந்து. இரண்டின் வேகமும் ஒத்துவந்தால்தான் பற்கள் கோக்கும். இல்லையென்றால் கரகரவென்று அரைபடும். மேல் கியருக்குப் போகும்போது ஒரு முறை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டு, இன்ஜின் வேகம் இறங்கியதும் மறுபடி மிதித்து அடுத்ததைப் போட வேண்டும். கீழ் கியருக்கு வரும்போது நடுவில் நியூட்ரலில் ஆக்ஸிலேட்டரைத் தட்டி இன்ஜின் வேகத்தை ஏற்ற வேண்டும். எவ்வளவு தட்டுவது என்பது காதுக்குத் தெரிய வேண்டும். 1928இல் காடிலாக் கார்களில் வந்த சிங்க்ரோமெஷ் இந்தச் சிரமத்தைக் குறைத்தது: கூம்பு வளையங்கள் உரசி வேகத்தைச் சமன் செய்துவிடும். இன்றைய லாரிகளிலும் அது இருக்கிறது. ஆனாலும் லோடோடு கீழ் கியருக்கு வரும்போதெல்லாம் இவர் கால் தானாகவே இரண்டு முறை மிதிக்கிறது. அந்த வளையங்கள் தேயாமல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்கிறார். நான் நம்புகிறேன், நெடுந்தூரம் ஓடிய அந்த வண்டியில் கியர் விழும் சத்தமே கேட்கவில்லை.

விடிவதற்கு முன் அண்ணா சாலை காலியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது; தடுப்புகளுக்கு நடுவே சாலை குறுகி, அந்த நேரத்திலும் வண்டிகள் ஊர்ந்தன. 12,000 லிட்டர் என்றால் தண்ணீரே 12 டன். அத்தனை கனத்தைக் கிளப்புவதும் நிறுத்துவதுமாக, முதல் மூன்று கியருக்குள்ளேயே பொழுது கழிகிறது. பாதிக் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் பிளேட் கருகும் வாடை வந்துவிடும். முன்னால் போகும் வண்டிக்கு இடம்விட்டு, கிளட்ச்சை முழுதாக விட்டு, முதல் கியரிலேயே ஊரவிட வேண்டும். அந்த இடைவெளிக்குள் ஆட்டோக்கள் வந்து நுழைந்துகொண்டே இருந்தன. ஓட்டுநர் ஹாரனைத் தொடவில்லை. கிளட்ச் மிதிக்கும் இடது முழங்கால் மட்டும் அவருக்கு வலிக்கிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த மாதங்களில் தூக்கமில்லாமல் ஓட்டியதிலிருந்து அந்த வலி.

ஆயிரம் விளக்குப் பக்கம் போகும் நடையில் பையன் ஓட்டினான்; ஜெமினி மேம்பாலம் ஏற வேண்டும். 1973இல் திறந்த பாலம். காரில் போகிறவருக்கு ஏற்றம் என்றே தோன்றாது. முழு டேங்குக்கு அது மலை. "ஏறுறதுக்கு முன்னாடியே ரெண்டுக்கு வந்துடு. நடுவுல மாத்தப் பார்த்தா வண்டி நின்னுடும்" என்றார். பையன் அப்படியே செய்தான். உச்சியைத் தாண்டியதும் அவன் கை நியூட்ரலுக்குப் போகப் பார்த்தது. டீசல் மிச்சமாகும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஓட்டுநர் அவன் கையை ராடின் மேலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஏறிய கியரில்தான் இறங்க வேண்டும். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் கனம் முழுவதும் பிரேக் மேல் விழும், பிரேக் சூடேறினால் பிடிப்பு குறையும். இந்த ஒரு பாடத்துக்கு மட்டும் அவர் குரல் உயர்ந்தது.

மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2025 ஜூனில் மின்சாரப் பேருந்துகளை விட்டிருக்கிறது; அவற்றில் கிளட்ச்சும் இல்லை, கியர் ராடும் இல்லை. லாரிகளிலும் தானாகக் கியர் மாற்றிக்கொள்பவை வந்துவிட்டன. நல்லதுதான். எத்தனையோ முழங்கால்கள் தப்பிக்கும். ஆனால் இந்த ஊரின் தண்ணீர் இன்னும் பல காலம் கிளட்ச் மிதிக்கும் வண்டிகளில்தான் வரப்போகிறது. அவற்றை ஓட்டுகிறவர்களுக்கு லோடோடு ஓட்டும் பயிற்சி முறையாகக் கிடைக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாகவே இருக்கிறது. காலி வண்டியில் கற்றவனுக்குப் பாலத்து உச்சியில் கை எங்கே போகும் என்று நானே பார்த்துவிட்டேனே.

எல்டாம்ஸ் ரோடு பக்கத்து அடுக்குமாடியில் குழாயை மாட்டிவிட்டு, பையன் டீ வாங்கி வந்தான்.

"முழு டேங்க் ஓட்டிட்டேன்ணா. காலி வண்டி கவலையே இல்ல. எப்போ தனியா விடுவீங்க?"

முழு டேங்கில் தண்ணீர் புரள இடம் குறைவு. காலி டேங்கில் புரளத் தண்ணீரே இல்லை. ஒரு கட்டடத்தில் பாதியை இறக்கிவிட்டு அடுத்ததற்குப் போகும்போதுதான் அலை முழு நீளத்துக்கும் ஓடும். பிரேக் போட்டு வண்டி நின்ற பிறகும் முன்னால் தள்ளும். கியர் மாற்றக் கொஞ்சம் தாமதித்தால் ராடே கையில் உதறும்.

"நாளைக்கு ரெண்டு எடத்துக்குப் பிரிச்சுக் குடுக்கணும். மொத எடத்துல பாதிய எறக்கிட்டு, அங்கேருந்து நீ எடு. ஒரு குலுக்கல் இல்லாம மூணாவது கியர் போட்டுக் காட்டு, அப்புறம் பேசலாம்" என்று டீயைக் கையில் வாங்கிக்கொண்டார் ஓட்டுநர்.