பதினோரு மியூசியம், மூன்று நாள்

நோட்டுப் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, எண் கொடுத்து எழுதப்பட்ட பட்டியல் அது. லூவ்ர், ஓர்சே, ஓரான்ஜெரி, ரோதான், பிக்காஸோ, கிமே, பாம்பிடு என்று மொத்தம் பதினோரு பெயர்கள். எழுதியவர் நாசிக்கில் மராத்திப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாரிஸில் தங்கப்போவதோ மூன்று நாள். நாளுக்கு நான்கு வீதம் பார்த்தால் எல்லாம் முடிந்துவிடும், ஒன்றுக்கு இடம் மிச்சம்கூட இருக்கும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கில் அவருடைய முழங்கால் சேர்க்கப்படவில்லை. வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம்தான் ஆகிறது, இடது கண் இன்னும் காத்திருக்கிறது என்பதும் சேர்க்கப்படவில்லை.

மகள் ஜெர்மனியில் கொலோன் நகரில் என்ஜினீயர். பாரிஸுக்கு ரயிலில் மூன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். வார இறுதி என்றால் டிக்கெட் விலை எகிறும். எனவே ஞாயிறு இரவு போய்ச் சேர்ந்து வியாழன் காலை திரும்புவது போல் மலிவாக டிக்கெட் எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் நாள்காட்டியைப் பார்த்தார். கையில் இருப்பது திங்கள், செவ்வாய், புதன். திங்கட்கிழமை ஓர்சே மூடியிருக்கும். ரோதானும் பிக்காஸோவும் அப்படியே. செவ்வாயன்று லூவ்ர், ஓரான்ஜெரி, கிமே மூன்றுக்கும் விடுமுறை. பாம்பிடு மையமோ 2025 செப்டம்பரில் புதுப்பிப்பதற்காகப் பூட்டப்பட்டது. 2030-ல்தான் திறக்கும்.

ஐரோப்பாவுக்குப் போகும் நம்மவர்கள் விமானம், ஹோட்டல், சைவச் சாப்பாடு மூன்றையும் ஆறு மாதம் ஆராய்வார்கள். எந்தக் கிழமை எந்தக் கதவு மூடியிருக்கும் என்று பார்ப்பவர்கள் குறைவு. நம் ஊரில் மியூசியம் என்பது வழியில் இருந்தால் எட்டிப் பார்க்கும் இடம். நினைத்தால் உள்ளே போகலாம். அங்கே அப்படி இல்லை. ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் வீட்டுக்கான டிக்கெட் ஒவ்வொரு செவ்வாயும், ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்காக, இன்டர்நெட்டில் மட்டும் விடப்படுகிறது. சீக்கிரமே தீர்ந்தும் விடுகிறது. வாசலில் போய் நின்று கெஞ்சிப் பயனில்லை.

லூவ்ருக்கும் நேரம் குறித்த டிக்கெட்தான் வாங்கவேண்டியிருந்தது. இங்கே வந்தது தர்மசங்கடம். வாங்கிய டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது. அப்பாவுக்கு ஷெங்கன் விசா இன்னும் வந்து சேரவில்லை. விசா வரட்டும் என்று காத்திருந்தால் மாலை நேர டிக்கெட் போய்விடும். முன்னதாக எடுத்து, விசா மறுக்கப்பட்டால் அதுவும் போச்சு. விசா மனுவுக்கே 90 யூரோ. அதோடு 2026 ஜனவரியிலிருந்து, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு லூவ்ர் கட்டணம் 22 யூரோவிலிருந்து 32 ஆகிவிட்டது. நம் பணத்தில் மூவாயிரம் ரூபாய்க்கு மேல். கொலோனில் வசிக்கும் மகளுக்கு 22, நாசிக்கிலிருந்து வரும் அப்பாவுக்கு 32. ஒரே குடும்பம், ஒரே வாசல், இரண்டு விலை. தாஜ்மகாலில் வெள்ளைக்காரர்களிடம் நாம் பல மடங்கு வாங்குவதை நினைத்துக்கொண்டால் கோபம் கொஞ்சம் அடங்கும்.

மகள் துணிந்து எடுத்துவிட்டார். விசா பதினோராம் நாள் வந்தது.

பிறகு போனில் பேரம் தொடங்கியது. "பாபா, ஒரு நாளைக்கு ஒன்றுதான்" என்றார் மகள். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. முப்பத்தோரு வருடம் காலண்டர் தாளிலும் பாடப் புத்தகத்தின் மங்கலான அச்சிலும் காட்டிப் பாடம் நடத்திய படங்கள். மறுபடியும் வரப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும், இருவரும் சொல்லவில்லை. கடைசியில் மகள் ஒரு கேள்வி கேட்டார்: "எந்தப் படத்தைப் பார்க்காமல் திரும்பினால் உங்களுக்குத் தூக்கம் வராது?" மறுநாள்தான் பதில் வந்தது. மோனேயின் அல்லிக்குளம். அடுத்து வான்கோ, ஏதாவது ஒன்று. மோனலிசா? "போனால் பார்க்கலாம்."

பதினோரு பெயர் மூன்றானது. திங்கள் ஓரான்ஜெரி, செவ்வாய் ஓர்சே, புதன் மாலை லூவ்ர். புதனும் வெள்ளியும் லூவ்ர் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். கிழமைகள் கெடுத்த திட்டத்தைக் கிழமைகளே சரிசெய்தன.

ஓரான்ஜெரி பெரிய கட்டடம் இல்லை. துய்லெரி தோட்டத்தில் ஆரஞ்சு மரங்களைக் குளிர்காலத்தில் பாதுகாக்க 1852-ல் கட்டியது. முதல் உலகப் போர் நின்ற மறுநாள், 1918 நவம்பர் 12-ம் தேதி, மோனே தன் அல்லிப் படங்களை நாட்டுக்குத் தருவதாக எழுதினார். அதன்பிறகு எட்டு ஆண்டுகள் திருத்தித் திருத்தி வரைந்துகொண்டே இருந்தார். கைவிட்டுக் கொடுக்க மனமில்லை. 1926 டிசம்பரில் அவர் இறந்து, மறு ஆண்டுதான் மக்கள் பார்த்தார்கள். முட்டை வடிவத்தில் இரண்டு அறைகள், சுவரை வளைத்தபடி எட்டுப் படங்கள். உயரம் இரண்டு மீட்டர், எல்லாவற்றையும் வரிசையாக வைத்தால் கிட்டத்தட்ட 90 மீட்டர் நீளம். மேலே இருந்து பகல் வெளிச்சம் இறங்குகிறது. 1960-களில் மேலே ஒரு மாடி கட்டி அந்த வெளிச்சத்தை அடைத்துவிட்டார்கள். 2006-ல் புதுப்பித்துத் திறந்தபோதுதான் அது திரும்ப வந்தது. எனவே மேகம் நகர்ந்தால் குளம் மாறும். இதை எந்தக் காலண்டரும் சொன்னதில்லை.

மாஸ்டர் நடுவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் மகள் கவனித்தார்: அப்பா ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கிறார், பிறகு மறு கண்ணைப் பொத்துகிறார். ஆபரேஷன் ஆன வலது கண்ணுக்குக் குளம் நீலமாக இருந்தது. புரை படிந்த இடது கண்ணுக்கு அதே குளம் மஞ்சள் கலந்த பழுப்பு. மோனேக்கும் இதே கதைதான். இரண்டு கண்ணிலும் புரை. பயந்து பயந்து தள்ளிப்போட்டு 1923-ல் வலது கண்ணில் மட்டும் ஆபரேஷன் செய்துகொண்டார். அதற்குப் பிறகு எல்லாம் ஒரேயடியாக நீலமாகத் தெரிகிறது என்று புலம்பி, நிறக் கண்ணாடி மாட்டிப் பார்த்தார். இடது கண்ணைக் கடைசிவரை டாக்டரிடம் கொடுக்கவில்லை. இந்தச் சுவர்களில் இருக்கும் படங்களில் ஒரு பகுதி அந்தக் கண்களோடு தீட்டப்பட்டவை.

"எந்தக் கண்ணால் பார்ப்பது சரி?" என்று மகள் கேட்டார்.

"அவர் எதால் வரைந்தாரோ, யாருக்குத் தெரியும்" என்றார் அப்பா, இடது கையை மாற்றியபடி.

இரண்டு மணி நேரம். நான்கு மியூசியம் திட்டப்படி அந்நேரம் மூன்றாவது வாசலில் நின்றிருக்க வேண்டும்.

ஓர்சே செவ்வாய் முடிந்தது. 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம், 1986-ல் மியூசியம் ஆனது. லூவ்ர் மூடிய நாள் என்பதால் அந்தக் கூட்டமும் இங்கே திரும்பிவிடுகிறது, செவ்வாயை ஓர்சேக்கு வைப்பதில் இருக்கும் ஒரே தொல்லை. வான்கோ முன்னால் தலைகள்தான் தெரிந்தன. மாஸ்டரை நிறுத்தியது வேறு படம். கைபோத் 1875-ல் வரைந்தது. மூன்று தொழிலாளிகள் மேல்சட்டை இல்லாமல் முட்டிபோட்டு மரத்தரையைச் சீவுகிறார்கள். பாரிஸ் கண்காட்சியின் நடுவர்கள் அந்த ஆண்டு இதை வேண்டாம் என்று தள்ளினார்கள். சீவிய மரச்சுருளும் ஜன்னல் வெளிச்சமும் முதுகும் கையும். இந்தப் படத்தின் பெயர் பட்டியலில் இல்லை. அதன் முன்னால் நின்ற நேரம் வான்கோ கணக்கில் கழிந்தது.

புதன் மதியம் முழங்கால் தன் கணக்கைக் கேட்டது. ஹோட்டலில் கால் நீட்டிப் படுத்தவரிடம், லூவ்ருக்குப் போகவேண்டாம் என்று சொல்ல மகளுக்கு வாய் வரவில்லை. 54 யூரோ. தவிர, லூவ்ருக்கு வந்து லூவ்ரைப் பார்க்காமல் போனார் என்று நாசிக்கில் சொல்லமுடியுமா? அங்கே மடக்கு நாற்காலி இலவசமாகக் கொடுக்கிறார்கள், அடையாள அட்டையைக் காட்டினால் போதும். சக்கர நாற்காலியும் உண்டு. இது தெரியாமல் தரையில் உட்கார இடம் தேடும் முதியவர்களை அங்கே எந்த நாளும் பார்க்கலாம். மாஸ்டர் சக்கர நாற்காலியை மறுத்து மடக்கு நாற்காலியை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

காட்சியில் இருப்பவை சுமார் 35,000 பொருட்கள். அவர்கள் போனது ஒரே அறைக்கு. 77 சென்டிமீட்டர் உயரம், 53 அகலம், கண்ணாடிக்குப் பின்னால் மோனலிசா. எதிரே தூக்கிப் பிடித்த செல்போன்கள். மாஸ்டர் வரிசையில் நின்று, பார்த்து, அரை நிமிடத்தில் தள்ளப்பட்டு வெளியே வந்தார். திரும்பினார். அவருக்கு நேராக, மோனலிசாவுக்கு எதிர்ச்சுவரில், கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலத்தில் ஒரு கல்யாண விருந்து. வெரொனெஸே 1563-ல் வெனிஸ் நகர மடம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்துக்காக வரைந்தது, 1797-ல் நெப்போலியன் படை கழற்றி எடுத்து வந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் அதற்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

மாஸ்டர் நாற்காலியை விரித்தார். படத்தில் 130 பேருக்கு மேல் இருக்கிறார்கள் என்று மகள் செல்போனில் பார்த்துச் சொன்னதும், விரலை நீட்டி இடது ஓரத்திலிருந்து எண்ண ஆரம்பித்தார். நாய்களைச் சேர்க்கவில்லை. எட்டரை மணிக்குக் காவலர்கள் அறையைக் காலி செய்யச் சொன்னபோது 94-ல் இருந்தார்.